காரமில்லாத படையல்

ட்ரிங்... ட்ரிங்...

தோங்யோங் துறைமுகக் காவல் நிலையத்தில் தொலைபேசி அடித்தது.

1998, அக்டோபர் மூன்று. சனிக்கிழமை காலை எட்டேகால்.

முன்னோருக்குப் படையல் வைக்கும் சூசோக் பண்டிகைக்கு இரண்டே நாள். நிலையத்தில் பாதிப் பேர் விடுப்பில் போயிருந்தார்கள். மீதிப் பேர் விடுப்புக் கேட்டு ஏமாந்தவர்கள். ஏமாந்தவர்களில் முதல்வர் ஆய்வாளர் பியோ. நாற்பத்திரண்டு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் துறைமுகச் சந்தில் ஏழு கதைகள் உலவுகின்றன. அதில் ஆறு பொய்.

எடுத்தார்.

"மூணாம் நம்பர் சிப்பிக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு பொம்பளை விழுந்து கிடக்கா. மண்டையில ரத்தம். உடனே வாங்க."

"யாரு பேசறது?"

"தலைக்கு அடியில துண்டு வெச்சிருக்கு. மெதுவாத் தூக்குங்க."

டொக்.

குரல் ஆணுடையது. வயதானது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தமும் கேட்டது. கறக்... கறக்... கறக்... எதையோ எதுவோ மென்று துப்புவது போல.

பியோ தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சிப்பிப் பருவம் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. பின்புறம் போன வருஷத்து ஓடுகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்த வெள்ளை மலையின் அடிவாரத்தில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தார்.

மா யோன்ஸில். ஐம்பத்தெட்டு வயது. பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் நடத்துவதை நிறுத்தவில்லை. மீன் வாங்கப் போனால் மீன்காரிக்கு நடத்துவார். ஆனால் ஆறு வருஷமாக அவர் செய்துவந்த ஒரு வேலையை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் கப்பலேற்றிக் கொண்டுபோன பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதை ஒலிநாடாவில் பதிந்து, தாள் தாளாகச் சான்று சேர்த்து வந்தார்.

மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. தோளில் எப்போதும் தொங்கும் பழுப்புப் பை இல்லை.

தலைக்கு அடியில் மடித்து வைத்திருந்த துண்டைப் பியோ பிரித்துப் பார்த்தார். ஓரத்தில் நீல எழுத்து. 'ஓக் கியூசிக் அறுபது நிறைவு விழா, 1992.'

அடடா, துப்பு கிடைத்துவிட்டது என்று துள்ளாதீர்கள். எங்கள் ஊரில் துண்டு அச்சடிக்காமல் ஒரு விழாவும் நடக்காது. ஐஸ் தொழிற்சாலை முதலாளி ஓக் கியூசிக் தன் அறுபதுக்கு முந்நூறு துண்டு கொடுத்தார். ஆறு வருஷமாக ஊரில் பாதி அவர் பெயரில்தான் முகம் துடைக்கிறது. பியோ வீட்டுக் குளியலறையிலேயே மூன்று தொங்குகின்றன.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது ரப்பர் பூட்ஸ் சத்தம் தடதடவென்று வந்தது.

தாக் ஜோம்ரே. எழுபத்துமூன்று வயது. இந்தக் கரையில் சிப்பி உடைப்பதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. நிமிஷத்துக்குப் பதினைந்து. வாய் அதைவிட வேகம்.

அவள் முதலில் யோன்ஸிலின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் கேட்டாள்.

"தம்பி, பை எங்க?"

"காணோம்மா."

ஜோம்ரே அப்படியே ஓட்டுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஓடு குத்தியிருக்கும். அவளுக்கு உறைக்கவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் பியோவுக்கு முழு விஷயமும் தெரிந்தது. ஜோம்ரே உட்காராமல் நடந்துகொண்டே சொன்னாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. மறுபடி இந்தக் கோடி. செவிலி இரண்டு முறை உட்காரச் சொல்லிவிட்டு அலுத்துப் போனாள்.

ஜோம்ரே பிறந்தது எதிர்த் தீவில், முல்கே கிராமத்தில். பதினேழு வயதில் தொழிற்சாலை வேலை என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். இறக்கிய இடத்தில் தொழிற்சாலை இல்லை. எண் போட்ட கதவுகள் வரிசையாக இருந்தன. கதவுகளுக்கு வெளியே சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். மூன்று வருஷம். சண்டை முடிந்து புசானில் வந்து இறங்கியவளுக்கு ஊர்ப் படகில் ஏறக் கால் வரவில்லை. நாற்பது வருஷம் அங்கேயே காலத்தை ஓட்டினாள். அப்பா, அம்மா போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கரைக்கு வேலைக்கு வந்தாள். சந்தில் எல்லோருக்கும் அவள் 'புசான்காரி'. போன வசந்தத்தில் தொலைக்காட்சியில் தன் சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் சொன்னாள். அன்றைக்குத்தான் எங்கள் சந்துக்கே முதன்முதலாகப் பேச வாய் வரவில்லை.

ஜப்பான் நீதிமன்றத்தில் அவளுடைய வழக்கு நான்கு வருஷமாக நடக்கிறது. எதிர்த்தரப்பு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டது. உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர, நீங்கள் அந்தக் கப்பலில் போனதாக வேறு யாராவது, வழக்குக்கு முன்பே, எழுதி வைத்த தாள் இருக்கிறதா?

"ஏத்திட்டுப் போனவன் என்ன ரசீதா குடுத்தான்?" என்றாள் ஜோம்ரே. "அந்தக் கோர்ட்டுலயும் இதையேதான் கேட்டேன். மொழிபெயர்க்கிற பொண்ணு அதை மட்டும் மொழிபெயர்க்கலை."

வரும் புதன்கிழமை கடைசி அமர்வு. சான்று வைக்க அதுவே கடைசி நாள். செவ்வாய்க் காலை புசானிலிருந்து கப்பல்.

இந்த நிலைமையில்தான் நேற்றுச் சாயங்காலம் யோன்ஸில் குதித்துக்கொண்டு வந்திருக்கிறார். கிடைத்துவிட்டது. ஒரு குடும்பத்தின் கையெழுத்து வம்சப் புத்தகம். 1957-ல் முல்கே கிராமத்தின் பழைய தலைவர் தன் கையாலேயே எழுதியது. ஜோம்ரேயின் பெயர், தேதி, கப்பல், எல்லாம் அதில் இருக்கிறது.

"யாரு குடுத்தாங்களாம்?"

"'ஒரு வீட்டு மருமக, அவ புருஷனுக்குத் தெரியாம'ன்னு மட்டும் சொன்னா. எனக்குச் சீன எழுத்துப் படிக்க வராது. படிச்சுக் காட்டுடீன்னேன். 'அக்கா, அதுல இன்னொரு விஷயமும் இருக்கு. கேட்டா நீ சிரிப்பியா அழுவியான்னு எனக்கே தெரியலை. கப்பல்ல வெச்சு சொல்றேன்'னா."

பியோவின் முதுகு நிமிர்ந்தது.

முல்கே கிராமத்தின் பழைய தலைவர் யார் என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். பண்டிகை முடிந்ததும் படகுத்துறையில் அவருக்கு ஒரு புகழ்க் கல் திறக்கப் போகிறார்கள். கல் வந்து இறங்கி, வெள்ளைத் துணி போர்த்தி நிற்கிறது. வைப்பவர் அவருடைய மகன்.

ஐஸ் தொழிற்சாலை முதலாளி. ஓக் கியூசிக்.

கறக்... கறக்... கறக்...

தொழிற்சாலை வாசலில் கால் வைத்ததுமே பியோவுக்கு அந்தச் சத்தம் புரிந்துபோயிற்று. ஐஸ் பாறையை நொறுக்கும் இயந்திரம். அதற்கு மூன்றடி தள்ளிச் சுவரில் தொலைபேசி.

ஓக் கியூசிக்குக்கு அறுபத்தாறு வயது. வெள்ளைத் தலை, தேய்த்த சட்டை. குல சங்கத்துக்குத் தலைவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வலது உள்ளங்கையில் புதுக் கட்டு.

"சிப்பி ஓடு கிழிச்சுதா, ஐயா?"

"ஐஸ் கத்தி, தம்பி."

"யோன்ஸில் டீச்சர் தலைக்கு அடியில உங்க பேர் போட்ட துண்டு இருந்துச்சு."

"அப்படியா? உங்க வீட்டுல எத்தனை இருக்கு?"

பியோவுக்குத் தன் குளியலறை ஞாபகம் வந்தது.

சோதனை போட வாரண்ட் வேண்டும். நீதிபதி பண்டிகைக்குச் சொந்த ஊர் போய்விட்டார். புதன்கிழமைதான் வருவார். அன்றைக்கு வாரண்ட் கிடைத்து என்ன பயன்?

திரும்பும்போது பியோ ஒன்றைக் கவனித்தார். 'டீச்சருக்கு எப்படி இருக்கு?' என்று கியூசிக் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்து, இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை யோன்ஸில் கண் திறந்தார். பேச முடிந்தது நான்கு வாக்கியம். முன்தினம் காலை கியூசிக்தான் அங்கே வரச் சொல்லி அழைத்திருக்கிறார். புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சியிருக்கிறார். பிறகு பையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இவருக்கு ஓட்டில் கால் வழுக்கிவிட்டது.

கியூசிக்கைக் கைது செய்ய அது போதும். புத்தகம் கிடைக்கப் போதாது. கிழவரைப் பிடித்து உட்கார வைத்தால், அரை மணியில் வீட்டில் யாராவது அதைச் சமையலறை அடுப்பில் போட்டுவிடலாம். இந்நேரம் போட்டிருக்கவும் கூடும்.

ஜோம்ரேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தைக்குப் போனாள். ஒன்றும் வாங்கவில்லை. சும்மா நடந்தாள்.

அங்கே மீன் கடையில் கியூசிக்கின் மனைவி மால்யோன் நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. படையலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தாள். பேரிக்காய், சேப்பங்கிழங்கு, முழு மீன். மிளகாய்த்தூளும் பூண்டும் அவள் கூடையில் இல்லை. செத்தவர்களுக்கு வைக்கும் சாப்பாட்டில் இரண்டும் ஆகாது; மிளகாயில் ஊறிய கிம்ச்சியும் ஆகாது. காரம் பட்டால் ஆவி கிட்டே வராதாம். அந்தப் பத்தியச் சாப்பாட்டைச் சமைப்பதில் மால்யோனுக்கு ஊரிலேயே பெயர். அதாவது, அவள் கைச் சமையலுக்குச் சப்பென்று இருப்பதில் பெயர்.

ஜோம்ரேயைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த மீன் நழுவியது. ஜோம்ரேவுக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

மால்யோன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் கேட்காத குரலில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்கு வாங்கக்கா. பசியோட வாங்க."

போய்விட்டாள்.

ஜோம்ரே நேராகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொன்னபோது பியோ தொலைபேசியில் மாட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவருடைய அம்மா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், பேரன் பெற்றுத் தராதவன், இப்போது பண்டிகைக்கும் வராதவன் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில், அப்பாவின் வம்சப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறேன், தலைமகன் நீ வராமல் அதைப் படையலுக்கு முன்னால் யார் பிரிப்பது என்று அம்மா அழுதாள்.

பியோ பேச்சுவாக்கில் சரி சரி என்றவர், சட்டென்று நிறுத்தினார்.

"அம்மா... அந்தப் புஸ்தகத்தை யாராவது எரிப்பாங்களா?"

மறுமுனையிலிருந்து வந்த வசவை அச்சில் போட முடியாது.

பியோ சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தார்.

"ஜோம்ரேம்மா, அவர் எரிக்கலை. எரிக்கவும் மாட்டார். அதுல அவரோட பாட்டன் முப்பாட்டன் பேரெல்லாம் இருக்கு. நாளைக்குக் காலையில இருபது பேர் முன்னாடி அந்தப் புஸ்தகம் படையல் பக்கத்துல இருந்தாகணும். இல்லைன்னா பெரியவங்க எங்கேன்னு கேட்பாங்க. அதுக்குத்தான் இத்தனை அவசரமாப் பிடுங்கியிருக்கார்."

"அங்க போய் என்ன பண்றது? வாரண்ட் இல்லையே."

"தெரியலை. முதல்ல போவோம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணி.

மேட்டுத் தெருவில் ஓக் வீடு. கூடத்தில் ஆண்கள் வயது வரிசைப்படி நின்றிருந்தார்கள். திரைக்கு முன்னால் நீள மேசை. பழம், மீன், கஷ்கொட்டை, சூப், ஆவி பறக்கும் சோறு. ஒவ்வொரு சோற்றுக் கிண்ணத்திலும் ஒரு ஸ்பூன் செங்குத்தாக நட்டிருந்தது. செத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வதற்காக. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பின்னால், யாருக்கு எது என்று சீன எழுத்தில் எழுதிய வெள்ளைத் தாள்.

மேசை ஓரத்தில் கியூசிக்கின் சித்தப்பா. எண்பத்தெட்டு வயது. மடியில் நூலால் தைத்த ஒரு பழைய புத்தகம்.

பியோ வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஜோம்ரே. ரப்பர் பூட்ஸை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கியூசிக் வரிசையை விட்டு ஓடி வந்தார்.

"தம்பி, வேண்டாம். இன்னைக்கு வேண்டாம். சாயங்காலம் நானே ஸ்டேஷனுக்கு வர்றேன். டீச்சரைத் தள்ளினது நான்தான், ஒத்துக்கறேன். இப்ப போயிடுங்க."

"புஸ்தகம், ஐயா."

"அது எங்க குடும்பப் பொருள். வாரண்ட் இருக்கா?"

பியோவின் கண் கியூசிக்கின் தோளுக்கு மேலே போய் மேசையில் நின்றிருந்தது. வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி இரண்டில் வந்து நின்றார். முகம் மாறியது.

"ஜோம்ரேம்மா..." விரலை நீட்டினார். "அந்தக் கடைசிக் கிண்ணம் உங்களுது."

"என்னது?"

"தாள்ல எழுதியிருக்கு. 'மூத்த அண்ணியார், முல்கே ஊர் தாக் குலத்து அம்மையார்.' பக்கத்துல இருக்கிறது இவரோட அண்ணன் பேரு."

வரிசையில் நின்ற எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

சமையலறை வாசலிலிருந்து மால்யோன் பேசினாள். அந்த வீட்டில் படையல் நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது அதுவே முதல் முறை.

கியூசிக்கின் அண்ணன் காலரா வருஷத்தில், கல்யாணம் ஆகாமலே போய்ச் சேர்ந்தவர். கல்யாணம் ஆகாத ஆவி அலையும் என்று 1957-ல் மால்யோனின் மாமனார் அவருக்கு ஒரு செத்த பெண்ணைத் தேடிக் கட்டி வைத்தார். இரண்டு வைக்கோல் பொம்மைகள், மேளம், தாளம், எல்லாம் முறைப்படி. பெண்ணின் அம்மா வந்திருந்தாள். தன் மகள் கடல் தாண்டிச் செத்துவிட்டாள் என்று நம்பியவள், பொம்மையின் தலையை வாரிவிட்டு அழுதாளாம்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் சூசோக்குல இருந்து, நாப்பத்தோரு வருஷமா என் மூத்த ஓரகத்திக்குச் சமைக்கறேன்," என்றாள் மால்யோன். "போன வசந்தத்துல டிவியைப் போட்டா, ஓரகத்தி உக்காந்து பேசிட்டிருக்காங்க."

ஜோம்ரே மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா வாரிவிட்ட பொம்மைத் தலையை நினைத்தாளோ என்னவோ, கை தன்னையறியாமல் தலைமயிரைத் தொட்டது.

கியூசிக் வாசலை மறித்து நின்றார்.

"சரி, எழுதியிருக்கு! அந்தப் புஸ்தகப்படி நீங்க செத்துட்டீங்க. செத்தவங்கன்னு எழுதின புஸ்தகத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் என்ன கிழிக்கப் போறீங்க? எங்கப்பா பேர்தான் கிழியும். அடுத்த வாரம் கல் திறக்கறோம்..."

"என் பேர் இருக்கிற பக்கத்தைப் படிங்க, பெரியவரே," என்றாள் ஜோம்ரே, சித்தப்பாவைப் பார்த்து. "எனக்குப் படிக்க வராது."

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்தைத் தேடவில்லை. விரல் தானாகப் போய் அந்த இடத்தில் நின்றது. மெல்லப் படித்தார்.

'குதிரை வருடம், ஏழாம் மாதம், பத்தாம் நாள். மேலிடத்தில் நான்கு பெண்களைக் கேட்டார்கள். தொழிற்சாலை என்றார்கள். பொய் என்று எனக்குத் தெரியும். நான்கு பெயர் எழுதிக் கொடுத்தேன். தாக் ஜோம்ரே, வயது பதினேழு. தோங்யோங் துறையில் ராணுவக் கப்பலில் ஏற்றியதை நின்று பார்த்தேன். திரும்பவில்லை. இவளையே என் மூத்த மருமகளாக்கினேன். உயிரோடு இருந்தபோது காக்காதவளுக்கு, என் வீட்டில் என்றைக்கும் ஒரு கிண்ணம் சோறு இருக்கட்டும்.'

"சித்தப்பா," என்றார் கியூசிக், "உங்களுக்கு இது..."

"வருஷா வருஷம் படிச்சேன். சத்தமாத்தான் படிக்கலை." கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "கியூசிக், இந்தப் புஸ்தகம் யார் கையில இருக்கணும்?"

"தலைமகன் வீட்டுல..."

"உங்க அண்ணன்தான் தலைமகன். அவன் இல்லை. அவன் பொண்டாட்டி வாசல்ல நிக்கறா. நீ இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டே, அவ்வளவுதான்."

கிழவர் இரண்டு கையாலும் புத்தகத்தை எடுத்து நீட்டினார். முறைப்படி, தலை குனிந்து, வீட்டின் மூத்த மருமகளிடம் கொடுப்பது போல.

தன் வீட்டுப் பொருளைத் தான் எடுத்துக்கொள்ள எவளுக்கு வாரண்ட் வேண்டும்?

பியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கழற்றாமல் இருக்க முடியவில்லை. கியூசிக் கட்டுப் போட்ட கையைத் தரையில் ஊன்றி அப்படியே மண்டியிட்டார். நாற்பத்தொரு வருஷமாக அந்தத் தாளுக்குப் போட்ட கும்பிடுதான். இன்று முதல் முறையாக ஆள் எதிரே இருந்தது.

"அண்ணி..."

ஜோம்ரே புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். கடைசிக் கிண்ணத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தன் பெயர் எழுதிய தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். சோற்றில் நட்டிருந்த ஸ்பூனைப் பிடுங்கினாள்.

இருபது பேர் பார்த்திருக்க, ஒரு வாய் சோறு, ஒரு வாய் சூப்.

மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"எழுந்திருங்க, கொழுந்தனாரே. ஆய்வாளர் காத்துட்டிருக்கார்." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி மால்யோன், நாப்பத்தோரு வருஷமா இந்தச் சப்பையைத்தான் எனக்குப் போட்டியா? செத்தவளுக்குத்தானே காரம் ஆகாது... ஓடிப் போய்க் கிம்ச்சி எடுத்துட்டு வா!"